கணவர் மட்டும் இஸ்லாத்தைத் தழுவினார்: கொட்டாஞ்சேனைக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கொழும்பில் குடும்ப ஆலோசனை செய்யும் எங்கள் சிறிய நிலையத்துக்கு 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிய பதிவு இது. கணவர், மனைவி இருவரும் எழுதச் சம்மதித்தார்கள். அடையாளம் தெரியாதபடி சில சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் நிலையம் எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. மாறியது சரியா பிழையா என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. ஒருவர் மாறிய பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது, எதை எப்படித் தீர்த்தோம் என்பது மட்டுமே இங்கே இருக்கிறது.

பின்னணி

கணவருக்கு நாற்பதை எட்டும் வயது. பரம்பரைக் கத்தோலிக்கத் தமிழர். சாந்த லூசியா பேராலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, அங்கேயே திருமணமும் செய்தவர். மனைவி அதே பகுதிப் பெண். செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் நவநாளுக்குப் போகும் குடும்பம். பதின்மூன்று வயதில் ஒரு மகன், எட்டு வயதில் ஒரு மகள். வீடு மனைவியின் சீதனம், அவர் பெயரில் இருக்கிறது. கணவரின் தாயாரும் அவர்களோடுதான் இருந்தார்.

கணவர் புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பல வருடமாகக் கணக்குப் பார்ப்பவர். முதலாளியும் கூட வேலை செய்பவர்களில் பலரும் முஸ்லிம்கள். இது கொழும்பில் சாதாரணம். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு நடந்தே போகலாம். மூன்று, நான்கு மதத்தவர் ஒரே கடையில் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுகிற ஊர் இது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை கோவிலில் குண்டு வெடித்தபோது மனைவியின் சித்தி காயப்பட்டார். அன்று நாட்டில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் முஸ்லிம்களைப் பற்றிப் பேசும் தொனியே மாறிவிட்டது. கணவர் மட்டும் தினமும் அந்தக் கடைக்குப் போய் வந்தார். அடுத்த வாரங்களில் முதலாளி கடையைத் திறக்கப் பயந்ததையும், வாடிக்கையாளர்கள் வராமல் போனதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். வீட்டில் ஒரு துக்கம், கடையில் வேறொரு துக்கம். இரண்டையும் ஒரே ஆள் சுமந்தார், யாரிடமும் பேசவில்லை.

2022இல் பொருளாதாரம் விழுந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கடையில் வியாபாரம் இல்லை. அந்த நேரத்தில்தான் தமிழில் வந்த குர்ஆன் மொழிபெயர்ப்பை ஒழுங்காக வாசிக்கத் தொடங்கியதாகச் சொன்னார். மரியாளின் பெயரில் உள்ள அத்தியாயம் அவரை இழுத்தது. திரித்துவம் பற்றி இளம் வயதிலிருந்தே அவருக்கு ஒரு கேள்வி இருந்ததாம். அந்த வருடக் கடைசியில் ஒரு மௌலவி முன்னிலையில், இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழியான கலிமாவைச் சொன்னார்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறிப்பிட வேண்டும். முதலாளி அவரை மாற்றினார் என்றுதான் ஊரில் பேச்சு. நாங்கள் விசாரித்தவரை அது உண்மையில்லை. முதலாளி ஹாஜியார் சந்தோஷப்பட்டதை விடப் பயந்ததுதான் அதிகம். 2019க்குப் பிறகு, "கடைக்காரர் ஆளை மாற்றிவிட்டார்" என்ற ஒரு பேச்சு போதும், கடைக்கே ஆபத்து வரும் என்று அவருக்குத் தெரியும். "முதலில் வீட்டில் சொல்லுங்க தம்பி, பிறகு மற்றதைப் பார்ப்போம்" என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். கணவர் கேட்கவில்லை.

வெளியே தெரிந்த விதம்

மாறிய பிறகும் அவர் அந்த வருட நத்தார் நள்ளிரவுப் பூசைக்குக் குடும்பத்தோடு போனார். நற்கருணை வாங்கவில்லை, பின்னால் நின்றார். மனைவி அதைக் கவனித்தாலும் களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

2023 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டாம் குறுக்குத் தெருவில் உள்ள சம்மாங்கோட் பள்ளிவாசலிலிருந்து ஜும்ஆ முடிந்து வெளியே வந்தவரை அயலவர் ஒருவர் கண்டார். சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும் அந்தப் பள்ளியைக் கடக்காமல் புறக்கோட்டையில் யாரும் சாமான் வாங்க முடியாது. அவர் எத்தனை நாள் மறைக்கலாம் என்று நினைத்தாரோ தெரியாது. அன்று மாலையே செய்தி வீட்டுக்கு வந்தது. மனைவி கேட்டார், கணவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

அடுத்த சில வாரங்களில் வீடு இரண்டாகியது. தாயார் சாப்பிட மறுத்தார். மனைவியின் அண்ணன்மார் வந்து சத்தம் போட்டார்கள். மகன் பாடசாலையில் ஒருவனோடு அடிபட்டான். மனைவி தூக்கமில்லாமல் கணவரின் போனைத் தேடத் தொடங்கினார். பங்குத்தந்தைதான் அவரை எங்களிடம் போகச் சொன்னார். கணவரும் வரச் சம்மதித்தார். அது எங்களுக்கு ஆச்சரியம், பெரும்பாலும் ஒருவர்தான் வருவார்.

முதல் சந்திப்புகளில் கண்டது

இருவரையும் தனித்தனியாகப் பார்த்த பிறகுதான் சேர்த்துப் பார்த்தோம். தனியாகப் பேசியபோது மனைவியிடம் நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இவர் மாறினதில உங்களுக்கு எது அதிகமாப் பயம்?"

அவர் மதக் கோட்பாடு எதையும் சொல்லவில்லை. வரிசையாகச் சொன்னது இவை. இவர் இன்னொருத்தியைக் கட்டப் போகிறார், அதற்காகத்தான் மாறினார் என்று எல்லாரும் சொல்றாங்க. மகனைச் சுன்னத்துக்குக் கூட்டிப் போய்விடுவார். மகளின் முதல் நன்மையை (முதல் முறை நற்கருணை வாங்கும் சடங்கை) நிறுத்திவிடுவார். வீட்டையும் காசையும் எழுதிக் கொடுத்துவிடுவார். செத்தால் என்னோடு ஒரே இடத்தில் அடக்கம் பண்ண மாட்டாங்க. கடைசியாக, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாலன் பிறந்த ராத்திரி எனக்குப் பக்கத்தில நிண்டு நடிச்சவர்" என்றார்.

கணவரின் பட்டியல் வேறு மாதிரி. மனைவி தன்னை விட்டுப் போய்விடுவார், பிள்ளைகள் தன்னை வெறுப்பார்கள், தாயார் சாகும்போது தன்னைப் பார்க்க விட மாட்டார்கள். இன்னொரு திருமணம் பற்றிக் கேட்டபோது உண்மையிலேயே கோபப்பட்டார். ஆனால் கடையில் ஒருவர், "முஸ்லிமான பிறகு பழைய கலியாணம் செல்லாது, திரும்ப நிக்காஹ் செய்யாமல் சேர்ந்து இருக்கக் கூடாது" என்று சொன்னதை நம்பி, சில வாரமாக மனைவியிடமிருந்து விலகிப் படுத்திருக்கிறார். மனைவி அதை இன்னொருத்தி இருப்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். ஒரு தப்பான தகவல் இரண்டு பக்கத்திலும் செய்த சேதம் இது.

முதல் முடிவு: விசுவாசத்தை மேசையில் வைக்க வேண்டாம்

முதல் கூட்டுச் சந்திப்பிலேயே, எந்த மதம் உண்மை என்ற வாதம் இந்த அறையில் நடக்காது என்று சொல்லிவிட்டோம். மனைவியின் அண்ணன் ஒருவர் வேதாகம வசனங்களை எழுதிக்கொண்டு வந்திருந்தார். கணவரும் போனில் ஏதோ வீடியோ வைத்திருந்தார். இரண்டையும் வெளியே வைத்தோம்.

காரணம் எளிது. நாங்கள் கண்ட பயங்களில் பெரும்பாலானவை சட்டத்தாலும், வீட்டு ஒப்பந்தத்தாலும், சரியான தகவலாலும் தீர்க்கக் கூடியவை. கோட்பாட்டு வாதத்தில் யார் வென்றாலும் அவற்றில் ஒன்றும் தீராது. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் ஏற்கவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. அதனால் அவர் மாறலாமா என்பது எங்களுக்குக் கேள்வியே இல்லை. மாறியவர் கணவராகவும் தகப்பனாகவும் என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்பதே கேள்வி.

இரண்டாவது மனைவி என்ற பயம்

இந்தப் பயம் கொழும்பில் காற்றில் வந்ததல்ல, அதற்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. பொதுத் திருமணச் சட்டத்தின் கீழ் மணம் முடித்த ஒரு கிறிஸ்தவர் இஸ்லாத்துக்கு மாறி, முஸ்லிம் சட்டத்தின் கீழ் இன்னொருவரை மணந்த வழக்கில், அது இருதார மணக் குற்றமாகாது என்று, அப்போது இலங்கைக்கு மேலான கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1965இல் தீர்ப்புச் சொன்னது. பல வருடம் அந்தக் கதவு திறந்தே கிடந்தது. முதல் மனைவியை விவாகரத்துச் செய்ய முடியாத ஆண்கள் சிலர் அதன் வழியாகப் போனார்கள். 1990களின் பிற்பகுதியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்தது: பொதுச் சட்டத்தின் கீழ் பதிந்த திருமணம் சட்டப்படி முறிக்கப்படும் வரை, மதம் மாறினாலும் இன்னொரு திருமணம் செல்லாது. ஆனால் ஊர்ப்பேச்சு இன்னும் 1965இல்தான் நிற்கிறது.

எங்கள் சட்டத்தரணி இதை இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். அவர்களுடைய திருமணப் பதிவு அப்படியே செல்லும். மதம் மாறியதால் அது கலையாது. இன்னொரு திருமணம் செய்தால் தண்டனைச் சட்டக் கோவையின் கீழ் 7 வருடம் வரை சிறை. மனைவி உடனே கேட்டது: "அப்ப நான் இவரை விடலாமா?" பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்கான காரணங்கள் மூன்றுதான்: சோரம், வேண்டுமென்றே கைவிடுதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. மதம் மாறியது அந்தப் பட்டியலில் இல்லை. இதைக் கேட்டு அவர் அழவில்லை, சிரித்துவிட்டார். "ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டம்" என்றார். அந்த அறையில் முதல் முறையாகக் கணவரும் சிரித்தார்.

நிக்காஹ் குழப்பத்தைத் தீர்க்கக் கணவரை அதே மௌலவியிடம் போய்க் கேட்கச் சொன்னோம். பதில் தெளிவாக வந்தது. வேதம் கொடுக்கப்பட்டவர்களின் பெண்களை மணப்பதைக் குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயம் அனுமதிக்கிறது. கிறிஸ்தவ மனைவியோடு உள்ள திருமணம் தொடரும், புதிதாக நிக்காஹ் தேவையில்லை. மறுபக்கத்தில் பங்குத்தந்தையும் அதையே தன் மொழியில் சொன்னார்: ஞானஸ்நானம் பெற்ற இருவருக்கிடையே செய்த திருமணம், ஒருவர் விலகிப் போனதால் முறியாது. மனைவி வழமைபோல நற்கருணை வாங்கலாம். சட்டம், பள்ளி, கோவில் மூன்றும் ஒரே பதிலைச் சொன்ன ஒரே விஷயம் இதுதான். அடுத்த வாரம் மனைவி போனைத் தேடுவதை நிறுத்தினார்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மாறியது மனைவியாக இருந்து, கணவர் கிறிஸ்தவராகவே இருந்திருந்தால், பள்ளியிலிருந்து வரும் பதில் வேறு. முஸ்லிம் பெண் முஸ்லிமல்லாத கணவரோடு வாழ்வதை இங்குள்ள ஷாஃபி என்ற இஸ்லாமியச் சட்ட வழிமுறை ஏற்பதில்லை. அப்படியான குடும்பத்துக்கு இந்தப் பதிவை அச்சாகப் பின்பற்ற முடியாது.

பிள்ளைகள்

இதுதான் உண்மையான சிக்கல். இங்கே யாரும் யாரையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. இரண்டு மதமும் பிள்ளைகளைக் கேட்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின்படி பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பது தாயின் கடமை. இஸ்லாமிய சட்ட மரபின்படி பருவமடையாத பிள்ளை முஸ்லிமான தகப்பனைச் சேரும். பாடசாலையிலும் தப்பிக்க முடியாது. சமயம் சாதாரண தரம் வரை கட்டாய பாடம். ஏதாவது ஒரு சமயத்தைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

மகளுக்கு அந்த வருடம் நடுப்பகுதியில் முதல் நன்மை. வெள்ளைச் சட்டைக்குத் துணி எடுத்தாகிவிட்டது, துணியும் அப்பாவின் கடையிலிருந்துதான். கணவர் தயங்கினார். தன் கண் முன்னால் அதை நடக்க விட்டால் மறுமையில் கேள்வி வருமே என்ற பயம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. அதை நாங்கள் சிறுமைப்படுத்தவில்லை.

நாங்கள் முன்வைத்த அடிப்படை ஒன்று. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும், ஞாயிறு மறைக்கல்விக்கு அனுப்பியதும் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவுகள். அவற்றை ஒருவர் தனியாக மாற்றக் கூடாது. அதே நேரம் தகப்பன் தன் வாழ்க்கையைப் பிள்ளைகளிடம் மறைக்கவும் தேவையில்லை. இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயம், பிள்ளையின் மதச் சுதந்திரத்தையும், பிள்ளை வளர வளர அதற்கேற்ப வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. அதை வைத்துத்தான் பேசினோம்.

எழுதி வைத்தது இப்படி: மகள் முதல் நன்மை எடுப்பாள். பாடசாலையில் சமயப் பாடம் மாறாது. தகப்பன் தொழுவதைப் பிள்ளைகள் பார்க்கலாம், கேட்டால் அவர் பதில் சொல்லலாம், ஆனால் பள்ளிக்கோ மத்ரஸாவுக்கோ தாய்க்குத் தெரியாமல் கூட்டிப் போகக் கூடாது. மகனுக்குச் சுன்னத் போன்ற எதுவும் இரு பெற்றோரும் மகனும் சம்மதிக்காமல் நடக்காது. ஒருவர் மற்றவரின் மதத்தைப் பிள்ளைகள் முன்னால் கிண்டல் செய்யக் கூடாது. கடைசியாக உள்ளதைத்தான் இருவரும் அதிகமாக மீறினார்கள்.

மௌலவிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. "இதைச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மார்க்கத்தில் கட்டாயம் இல்லை, வீட்டை உடைக்கவும் நான் சொல்ல மாட்டேன்" என்றார். பங்குத்தந்தைக்கும் தகப்பன் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்வது உவப்பாக இல்லை. ஆனால் பிரசங்கத்தில் இதைத் தொடமாட்டேன் என்று ஒப்புக்கொண்டு, அதைக் காப்பாற்றினார். இருவரும் முழுமனதாக ஆசீர்வதித்த ஏற்பாடாக இருந்திருந்தால், அதில் ஒரு பக்கம் ஏமாந்திருக்கும் என்பது என் கணிப்பு.

வீட்டுக்குள்

மற்றவை சீக்கிரம் முடிந்தன. முன்னறையில் மாதா சுரூபமும் விளக்கும் இருக்கும், கணவர் பின்னறையில் தொழுவார். பன்றி இறைச்சி வீட்டில் சமைப்பதில்லை. அது முன்பும் எப்போதாவதுதான். நத்தார் கேக் இரண்டு தட்டு: ஒன்று பிராந்தி ஊற்றியது, ஒன்று ஊற்றாதது.

அதிக நேரம் எடுத்தது நாய். மகளுடைய செல்ல நாய், வீடு முழுக்கத் திரியும். ஷாஃபி வழிமுறையில் நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து, கழுவ வேண்டும். கணவர் நாயைத் தங்கை வீட்டுக்கு அனுப்பலாம் என்றதும் மகள் இரண்டு நாள் பேசவில்லை. முதல் நன்மை பற்றிக்கூட அவள் அவ்வளவு அழவில்லை. கடைசியில் நாய் பின்முற்றத்திலும் முன்னறையிலும், பின்னறைக்குக் கதவு போட்டு என்று முடிந்தது. பெரியவர்கள் மதம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளைக்கு மதமாற்றம் என்றால் நாயை அனுப்புவதுதான். அதை நாங்கள் கேட்டிராவிட்டால் தெரிந்திருக்காது.

பெயர் மாற்றத்தை அவசரப்படுத்த வேண்டாம் என்றோம். பிறப்புச் சான்றிதழில் தொடங்கி அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கி, ஊழியர் சேமலாப நிதி என்று எல்லாவற்றிலும் மாற்ற வேண்டி வரும். பிள்ளைகளின் ஆவணங்களில் தகப்பன் பெயர் பொருந்தாமல் போகும். பெயருக்குக் கெட்ட பொருள் இருந்தால்தான் மாற்ற வேண்டும் என்று மௌலவியும் சொன்னார். அவருடைய பெயர் இரு வேதத்திலும் வரும் ஒரு தீர்க்கதரிசியின் பெயர்தான். அதோடு விட்டார். தேசிய அடையாள அட்டையில் மதம் இல்லை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனம் என்ற கட்டத்தில் அவர் இன்றும் இலங்கைத் தமிழர்தான். முஸ்லிம் என்பதை மதமாக மட்டுமல்லாமல் இனமாகவும் பார்க்கும் நாட்டில், இது அவரைக் கொஞ்சம் தனிமைப்படுத்தியது. பள்ளியில் அன்பாக வரவேற்றார்கள், ஆனால் "நீங்க எந்த ஊர், யாருடைய மகன்?" என்ற கேள்விக்கு அவரிடம் அங்கே செல்லும் பதில் இல்லை.

2023 தவக்காலமும் ரமழானும்

அந்த வருடம் பெப்ரவரி 22இல் சாம்பல் புதன். மார்ச் 24இல் ரமழான் தொடங்கியது. மனைவி தவக்காலத்தில், கணவர் நோன்பில். இதைப் பெரிய சோதனையாக எதிர்பார்த்தோம். நடந்தது வேறு. பெரிய வெள்ளி, ஏப்ரல் 7, இருவருமே உபவாசம். ஸஹருக்கு, அதாவது விடியுமுன் சாப்பிடும் நோன்புச் சாப்பாட்டுக்கு, மனைவி எழும்பவில்லை, ஆனால் இரவே சோறும் கறியும் மூடி வைத்தார். மாலையில் மகன் ஹாஜியார் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி கொண்டுவந்தான். அதில் இறைச்சி இருந்ததால் மனைவியும் பிள்ளைகளும் அன்று தொடவில்லை. கணவருக்கு மட்டும் ஒரு கோப்பை ஊற்றிவிட்டு மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்.

ஏப்ரல் 21 கடினமான நாள். குண்டுவெடிப்பின் நான்காவது வருடம், வெள்ளிக்கிழமை, கணவருக்கு 29ஆவது நோன்பு. மனைவியின் குடும்பம் கொச்சிக்கடைக்குப் போனது. கணவரும் போனார், உள்ளே போகவில்லை, வீதியில் சித்தியின் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அங்கிருந்து ஜும்ஆவுக்குப் போனார். ஒரு மைத்துனர் அதைப் பார்த்து முகம் திருப்பினார். சித்தி மட்டும், "அவன் வந்தான்தானே" என்றாராம். அடுத்த நாள் பெருநாள். வீட்டில் யாரும் கொண்டாடவில்லை, மனைவி பாயாசம் மட்டும் வைத்தார்.

சொத்தும் அடக்கமும்

கூட்டுச் சந்திப்புகள் அமைதியான பிறகு, சட்டத்தரணி ஒரு விஷயத்தை எடுத்தார். அதை முன்பே எடுத்திருந்தால் மனைவி எழுந்து போயிருப்பார். இலங்கையில் உயில் எழுதாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்து, 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் முதிசச் சட்டத்தின்படி, அவர் சார்ந்த பிரிவின் முஸ்லிம் சட்டப்படி பிரியும். அந்தச் சட்டத்தில் முஸ்லிமல்லாதவர் முஸ்லிமிடமிருந்து வாரிசாக எடுக்க முடியாது. அதாவது கணவர் நாளை விபத்தில் இறந்தால், அவர் பெயரில் உள்ள வங்கிச் சேமிப்பு மனைவிக்குச் சேராமல் போகலாம். வீடு மனைவியுடையது, அதற்கு ஆபத்தில்லை.

கணவர் இதைக் கேட்டு வெளிறிப் போனார். யாரும் அவரிடம் இதைச் சொன்னதில்லை. செய்தவை மூன்று: ஊழியர் சேமலாப நிதிக்கு மனைவியைப் பின்னுரித்தாளியாகப் பதிந்தார். சேமிப்பின் ஒரு பகுதியை உயிரோடு இருக்கும்போதே மனைவியின் பெயருக்கு நன்கொடையாக மாற்றினார், இது இஸ்லாமிய முறையிலும் செல்லும். மீதிக்கு நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு உயில் எழுதினார். வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை எழுதலாம் என்ற மார்க்க வரம்புக்குள்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாக இருந்தார். மனைவி அதை ஏற்றுக்கொண்டார்.

அடக்கம் தீரவில்லை. தன்னை மாளிகாவத்தை மையவாடியில் அடக்க வேண்டும் என்று கணவர் எழுதி வைத்திருக்கிறார். அதற்குத் தேவைப்படும் என்று கலிமா சொன்னதற்கான சான்றையும் பத்திரப்படுத்தியிருக்கிறார். மனைவிக்கு மாதம்பிட்டியில் தன் தகப்பனின் கல்லறை இருக்கிறது. "இதை மட்டும் என்னைக் கேட்காதீங்க" என்றார். கேட்கவில்லை. ஆனால் சாவு வீட்டில் சண்டை வராமல் இருக்க, கணவரின் விருப்பம் எழுத்தில் இருப்பது அண்ணன்மாருக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னோம். மனைவியே அவர்களிடம் சொன்னார்.

விளைவு

மகளின் முதல் நன்மை நடந்தது. கணவர் கோவில் வளவில் நின்றார், பகல் சாப்பாட்டில் விருந்தினரைக் கவனித்தார். குடும்பம் ஒரே வீட்டில் இருக்கிறது. தாயார் வத்தளையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கணவர் ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறார், தாயார் பேசுவது குறைவு. பெற்றோர் வேறு மதத்தில் இருந்தாலும் அவர்களோடு நல்லபடி நடக்க வேண்டும் என்பதை மௌலவி அவருக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துகிறார். மனைவியின் ஒரு அண்ணன் இன்னும் வீட்டுக்கு வருவதில்லை.

கணவன் மனைவி இடையே நத்தார் பூசையன்று நடந்தது இன்னும் முழுதாக ஆறவில்லை. மதம் மாறியதை மன்னித்துவிட்டேன், மறைத்ததை முடியவில்லை என்று மனைவி சொல்கிறார். கணவர் அதற்கு எதிர்வாதம் செய்வதை நிறுத்திவிட்டார். எங்கள் பார்வையில் அதுவே முன்னேற்றம்.

இப்போது நாங்கள் செய்யும் மாற்றங்கள்

இப்படியான குடும்பம் வந்தால் சட்டத்தரணியை இப்போது தொடக்கத்திலேயே அழைக்கிறோம். ஆனால் இரண்டாம் திருமணம் பற்றிய சட்டத்தை முதலிலும், முதிசச் சட்டத்தைக் கடைசியிலும் சொல்லச் சொல்கிறோம். வரிசை முக்கியம். ஒன்று பயத்தைக் குறைக்கும், மற்றது கூட்டும்.

யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கும் பழக்கமும் வந்திருக்கிறது. கடையிலும் சந்தியிலும் கேட்ட தகவல்களைத் தாளில் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றையும் அதற்குரியவரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்கிறோம். திருமணம் முடிக்க வரும் இளம் ஜோடிகளுக்கும் இது உதவுகிறது. ஒருவர் முஸ்லிம், மற்றவர் முஸ்லிமல்லாதவர் என்றால் பொதுச் சட்டத்தின் கீழ் பதியலாம், பதிவுக்காக யாரும் மதம் மாற வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது. இருவரும் முஸ்லிமாக இருந்தால்தான் முஸ்லிம் விவாகச் சட்டம்.

மூத்தவர்களை முன்பே சந்திக்கிறோம். இந்தக் குடும்பத்தில் தாயார் எங்கள் அறைக்கு வரவே இல்லை, வீட்டில் எடுத்த முடிவுகள் அவருக்கு அறிவிப்பாகத்தான் போய்ச் சேர்ந்தன. பிள்ளைகளையும் தனியாகப் பார்க்கிறோம், பெற்றோரின் பட்டியலில் வராத நாய்களைக் கண்டுபிடிக்க.

மகனுக்கு உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் கத்தோலிக்கச் சடங்கு) எடுக்கும் வயது வருகிறது. எடுப்பதா, தள்ளிப் போடுவதா என்பதை அவனே சொல்ல வேண்டும் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவன் சொன்ன பிறகு மீண்டும் எங்களிடம் வருவதாக ஏற்பாடு.